மாப்பிள்ளை பார்க்கப் போய்ப் பாய் ஏற்றினேன்

லப்பைக்குடிக்காட்டில் பிறந்த ஆண் ஐம்பது வயதுவரை வெளிநாடு போகாமல் இருந்தால் ஊர் அவனை ஒரு மாதிரிதான் பார்க்கும். நான் அப்படிப் பார்க்கப்பட்டவன். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் துபாய், குவைத், சவூதி என்று போய்வந்து மாடி வீடு கட்டினார்கள். நான் ஊரிலேயே தையல் கடை வைத்து அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அளவெடுக்கும்போதுகூட அளவை வாய்க்குள்தான் சொல்லிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஆள் விமானம் ஏறி என்ன செய்யப்போகிறான் என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் ஏற வைத்தவள் என் இரண்டாவது மகள் சபீனா. அவளுக்கு வி.களத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ரியாஸ். ஓமன் நாட்டில், மஸ்கட்டில் கப்பல் கம்பெனியில் வேலை என்று பையனின் அம்மா சொன்னார். மஸ்கட்டிலேயே இருக்கும் என் மனைவியின் தம்பி ஜமாலை விசாரிக்கச் சொன்னோம்.

"கப்பலும் இல்ல, கம்பெனியும் இல்ல மச்சான்" என்றார் ஜமால் போனில். "பீச்சுல ஒரு ஹோட்டலு. அங்க வர்ற வெள்ளக்காரங்களுக்குப் பாய் வச்ச படகக் கட்டி விடுற வேல. ஆனா பையன் தங்கம். தலை நிமிந்து பேச மாட்டான்."

வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. "படகுக்காரனுக்கா கொடுக்கப்போறீங்க?" என்று ஒரு கட்சி. "வேலையில என்ன இருக்கு, குணம்தான்" என்று இன்னொரு கட்சி. என் கவலை வேறு. தலை நிமிர்ந்து பேசமாட்டான் என்ற சொல்தான் என்னைக் குத்தியது. என் மூத்த மகள் மும்தாஜுக்குப் பார்த்த மாப்பிள்ளையும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். அத்தனை அடக்கம். தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். குழம்பில் உப்புக் கூடினால்கூட நாள்கணக்கில் பேசாமல் இருப்பார். மும்தாஜ் எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள்.

சபீனா என்னிடம் சொன்னது இதுதான்: "அத்தா, நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க. நீங்க சரின்னா எனக்குச் சரி. வேணாம்னா வேணாம்."

ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையை என் வாயில் வைத்துவிட்டாள். அந்த வாயோ திறக்காத வாய்.

*

இறங்கிய முதல் நாள் நான் பார்த்ததெல்லாம் மலை. ஒரு புல், ஒரு செடி இல்லாத மலை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தப் பள்ளங்களை எல்லாம் தலைகீழாகத் திருப்பி ஊர் முழுக்க நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. நடுவில் வெள்ளை வீடுகள். சாலையில் ஒரு காகிதம் இல்லை. ஜமாலின் கார் போன வேகத்தில் மலைகளும் கூடவே நகர்ந்தன. விமானத்தில் தூங்காத கண்ணுக்கு அவை ஒட்டகங்கள்போலத் தெரிந்தன.

ஜமால் ரூவி என்ற இடத்தில் வேறு ஐந்து பேருடன் ஒரே அறையில் இருக்கிறார். அடுக்குக் கட்டில். அவர் கேட்டிருந்தார் என்று செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் கொண்டுபோயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க எங்கள் மாவட்டத்து வாசம். என் இரண்டு வெள்ளைச் சட்டைகளுக்கும் அந்த வாசம் ஏறிவிட்டது. அறையில் இருந்த மலையாளி ஒருவர் ஒரு வெங்காயத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடினார். அன்று இரவு அவர் வைத்த மீன் குழம்பில் பாதி வெங்காயம்தான்.

"மாப்ளைய எப்பப் பாக்கப் போறீங்க மச்சான்?" என்றார் ஜமால்.

"வெள்ளிக்கிழம அவரு ரூமுக்குச் சாப்பிடக் கூப்புட்டிருக்காருன்னு சொன்னீங்களே. அன்னைக்கே பாத்துக்கலாம்."

ஆனால் எனக்கு வேறு ஓர் எண்ணம் இருந்தது. சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லா மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளைதான். சொல்லாமல் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

*

மறுநாள் ஜமால் வேலைக்குப் போனதும் அந்தக் கடற்கரைக்குத் தனியாக பஸ் ஏறக் கிளம்பினேன். முதல் பஸ் நான் நிற்க நிற்கவே போய்விட்டது. பெரம்பலூர்ப் பக்கம் என்றால் ஆள் தூரத்தில் வருவது தெரிந்தாலே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "வாங்க வாங்க, ஓடி வாங்க" என்று கூப்பிடுவார். இங்கே கை நீட்டினால்தான் நிற்குமாம். எனக்குக் கை நீட்டக் கூச்சம். இரண்டாவது பஸ்ஸும் போனது. மூன்றாவது பஸ்ஸுக்கு ஒரு பாகிஸ்தானி கை நீட்டினார். நானும் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏறியது பெரிதில்லை, இறங்கவேண்டுமே. இறங்குகிறவர்கள் கம்பியில் இருக்கும் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள். நான் இறங்கவேண்டிய இடம் வந்தபோது வேறு யாரும் அழுத்தவில்லை. அத்தனை பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நான் ஒருவன் மணி அடித்து முழு பஸ்ஸையும் எப்படி நிறுத்துவது? அடுத்த நிறுத்தத்தில் யாராவது அழுத்துவார்கள் என்று இருந்தேன். அங்கேயும் அழுத்தவில்லை. கடல் ஒருபக்கம் வந்து வந்து போனது. எனக்கு ஒரு கட்டத்தில் அதுவும் பிடித்திருந்தது. குளிர்ந்த பஸ், நீலக் கடல், யாரையும் தெரியாத ஊர். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

பக்கத்தில் பூவேலைத் தொப்பி போட்ட ஓமானிப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் பொத்தானைப் பார்ப்பதையும் ஜன்னலைப் பார்ப்பதையும் கவனித்திருக்கவேண்டும். என்னைக் கேட்காமலேயே எட்டி அழுத்தினார். பஸ் நின்றது. என்னோடு அவரும் இறங்கினார். எதிரில் இருந்த டீக்கடைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்த டீ. அதனுடன் காகிதம்போல மெல்லிய ரொட்டி, உள்ளே முட்டையும் தேனும். முட்டையில் தேனா என்று நினைத்தேன். இரண்டு தின்றேன்.

பெரியவர் அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். கடைக்கார மலையாளி அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "பஸ்ஸுக்கு வெக்கம் கெடையாது, அது பாட்டுக்குப் போகும், நீதான் நிறுத்தணும்னு சொல்றாரு."

"நல்லதுங்க" என்றேன். பெரியவருக்கு என்ன புரிந்ததோ, என் தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

வந்த வழியே கடலோரமாகத் திரும்பி நடந்தேன். ஹோட்டல் கடற்கரை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே ரியாஸைப் பார்த்தேன். ஜமால் காட்டிய போட்டோவில் கோட்டு போட்டிருந்தவர் இங்கே அரைக்கால் சட்டை, நிறம் போன பனியன். மணலில் ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தார். படகு என்றால் நாம் நினைக்கும் படகு இல்லை. ஒல்லியான இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் கட்டில் நாடா பின்னியதுபோல ஒரு கெட்டித் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் உயரமாக ஒரு அலுமினியக் கம்பம்.

அவர் கயிற்றை இழுக்க இழுக்க அந்தக் கம்பத்தில் ஒரு பாய் ஏறியது. எத்தனையோ ஆயிரம் மீட்டர் துணி என் கையில் போயிருக்கிறது. ஒரு துணி தானாக எழுந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். வெயில் அதற்குள் புகுந்து மஞ்சளாக வெளியே வந்தது. ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் ஏறி உட்கார, ரியாஸ் முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளிவிட்டார். படகு சத்தமே இல்லாமல் போனது. சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் நகம் வெட்டிப்போட்ட அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

எங்கள் மாவட்டத்துக் காரை கிராமத்து ஓடைகளில் பிள்ளைகள் கடல் சங்கு கல்லாகிப்போனதைப் பொறுக்குவார்கள். நம் ஊர் ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்தது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதை நான் அரைகுறையாகத்தான் நம்புவேன். அன்று அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு என்னவோ ஆனது. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, மக்காச்சோளக் காட்டுக்கு மேலே, சிமெண்ட் லாரிகளுக்கு மேலே அப்படி ஒரு பாய் போவதாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அவரிடம் போய்ப் பேசவில்லை. பேசாமலே திரும்பினேன். திரும்பும்போது பொத்தானை நானே அழுத்தினேன், ஒரு நிறுத்தம் முன்னதாக.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ரியாஸின் அறைக்குப் போனோம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, அத்தர். வாசலிலேயே ஸலாம் சொல்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கீழே விரித்திருந்த சுப்ராவில், அதாவது சாப்பாட்டு விரிப்பில், பிரியாணி. அவரே சமைத்தது. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது, கத்தரிக்காய் கொத்சு நம் ஊர்க் கைப்பக்குவம். ஒரு பெரிய மீன் துண்டு என் தட்டுக்கு வந்தது, அடுத்து இன்னொன்று வந்தது.

"போதும் தம்பி."

"சாப்பிடுங்க மாமா. நீங்க ஒண்ணுமே வச்சுக்கலை."

இதுதான் எங்கள் பேச்சு. அவர் தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. ஜமால் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். எங்கள் பக்கத்தில் பையனை நேரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் கிடையாது. பெரியவர்கள் பார்ப்பார்கள். எப்படிச் சாப்பிடுகிறான், தட்டை யார் எடுக்கிறார்கள், தொழுகைக்குப் பாங்கு சொன்னால் முகம் எப்படிப் போகிறது, இதெல்லாம்தான் கேள்வி. எல்லாவற்றிலும் ரியாஸ் தேறிவிட்டார். மூத்த மாப்பிள்ளையும் எல்லாவற்றிலும் தேறியவர்.

கிளம்பும்போது அவராக ஒன்று சொன்னார்: "மாமா, எங்கம்மா கப்பல் கம்பெனின்னு சொல்லிருப்பாங்க. கப்பல் இல்லீங்க. பாய்மரப் படகு. நாளைக்கு சாயங்காலம் வாங்க, காட்டுறேன்."

அதற்கும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு மறுநாள் இரவு விமானம். சபீனாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமலேயே படுத்தேன்.

*

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நானும் ஜமாலும் கடற்கரைக்குப் போனோம். காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரியாஸ் படகை இரண்டு சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, தண்ணீருக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் நிறுத்தியிருந்தார். படகின் மூக்கு காற்றைப் பார்த்து இருந்தது.

"இப்படித்தான் நிக்கணும் மாமா. காத்து மூஞ்சில அடிக்கணும். அப்பத்தான் பாய் ஏத்த முடியும்."

பாயைச் சுருளிலிருந்து விரித்தார். நான் கையால் தொட்டேன். நம் துணி மாதிரி இல்லை. மடித்தால் வேர்க்கடலை மடித்த காகிதம்போலச் சரசரத்தது. ஆனால் தையல் தெரிந்த தையல்தான், கோணல்மாணலாக வளைந்து போகும் ஜிக்ஜாக். துண்டு துண்டாக வெட்டி, சட்டையின் தோள்பட்டைபோல உள்ளே கொஞ்சம் வளைவு கொடுத்துத் தைத்திருந்தார்கள். தரையில் விரித்தால் படியாது, நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். தைத்தவன் காற்றுக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பாயின் குறுக்கே நீளநீளமாகப் பைகள் இருந்தன. அதற்குள் மெல்லிய பட்டைகளைச் செருகி, முனையில் நூல்கயிற்றால் இறுக்கினார். காலர் பட்டைக்குள் பிளாஸ்டிக் குச்சி வைப்பதுபோல. பாயின் ஒரு பக்கத்து ஓரத்தில் உள்ளே கயிறு வைத்துத் தைத்த பைப்பிங். கம்பத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். அந்தப் பைப்பிங்கைப் பள்ளத்தில் கோத்துவிடவேண்டும்.

"நான் கயிற இழுக்குறேன். நீங்க கோத்து விடுறீங்களா மாமா?"

பாவாடைக்கு நாடா கோக்கிற வேலை. அதற்கு எனக்குப் பேச்சு தேவையில்லை. அவர் இழுக்க, நான் விரலால் வழிகாட்ட, பாய் மேலே போனது. ஒரு இடத்தில் மாட்டியது. "நில்லுங்க" என்றேன். சுருக்கத்தை நீவிவிட்டேன். "ம்" என்றேன். மறுபடி ஏறியது. தலைக்கு மேலே வானம் குறைந்து பாய் கூடியது. அதன் நிழல் எங்கள் இருவர் மேலும் விழுந்தது. நிழல்கூட ஆடியது. இருவருமே பேசாத ஆட்கள் என்பது அப்போது ஒரு குறையாகத் தெரியவில்லை.

உச்சிக்குப் போனதும் ரியாஸ் ஒரு கொக்கியில் மாட்டினார். பாயின் அடியில் பூம் என்ற குறுக்குக் கட்டையைப் பொருத்தினார். அதிலிருந்து ஒரு நீளக் கயிறு படகின் பின்பக்கம் தொங்கியது. பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. காது அடைக்கும் சத்தம். ரியாஸ் முன்னால் போய்க் குனிந்து பாயின் அடிமுனையைக் கீழே இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். ஜமால் தள்ளி உட்கார்ந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பின்பக்கம் நின்றேன். காலடியில் அந்தக் கயிற்றின் முனை மணலில் கிடந்தது.

தையல்காரன் கண்ணுக்கு அவிழ்ந்து கிடக்கும் முனை பொறுக்காது. தைத்து முடித்தால் முடிச்சு, முடிச்சுக்குப் பிறகுதான் கத்தரி. வீட்டில் கொடிக்கயிறு தளர்ந்திருந்தாலும் நான்தான் கட்டுவேன். மாப்பிள்ளை வேலையாக இருக்கிறார், நாம் உதவுவோம் என்று அந்தக் கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்கப் படபடப்புக் குறைந்தது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்து, படகின் பின்கட்டையில் சுற்றி, என் முடிச்சு ஒன்று போட்டேன். இரட்டை முடிச்சு.

சத்தம் நின்றது. பாய் இஸ்திரி போட்டதுபோல நிமிர்ந்தது. சரியாக அப்போது காற்று கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கவேண்டும். பாய் ஒரு மூச்சு வாங்கி உப்பியது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒரு துணி நின்று பார்த்ததில்லை. நான் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றேன். எனக்கு எதிர்ப்பக்கத்துத் தோணி மணலைவிட்டு மேலே எழும்புவது தெரிந்தது. அதையும் அழகு என்றே நினைத்தேன்.

"யோவ்! வெளிய போய்யா!"

என்னைத்தான்.

"யோவ், அங்க நிக்காத! மேல சாஞ்சிரும்யா! ஓடு!"

ஓடினேன். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. படகு ஒற்றைக் காலில் எழும்பி, கம்பமும் பாயும் நான் நின்ற இடத்தின் மேல் சாய்ந்து வந்தன. ரியாஸ் எழும்பிய தோணியின் முனையில் பாய்ந்து தொங்கினார். வண்டிச் சக்கரம் மணலில் திரும்ப, குதிகாலை ஊன்றி மூக்கைக் காற்றுக்கு நேரே இழுத்தார். பாய் மறுபடி படபடத்தது. தூக்கிய தோணி தொம்மென்று மணலில் விழுந்தது.

"எவன்யா கயித்தக் கட்டுனது? அறிவிருக்கா? கழுத்துக்கு மேல என்ன வச்சிருக்க? பாய் ஏத்தையில எவனாவது கட்டுவானா?"

மூச்சு வாங்கிக்கொண்டு இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் கத்தினார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தேன். நல்ல பெரிய கண்.

பிறகு அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. "மாமா..." என்றார்.

ஜமால் ஓடி வந்தார். "டேய், யாரப் பாத்து என்னா பேச்சுடா பேசுற? பொண்ணு குடுக்க வந்த மனுசன யோவ்ங்கிற? அறிவிருக்காங்கிற?"

"தெரியாம..."

"என்னா தெரியாம? மச்சான், வாங்க போவோம். தங்கம்னு சொன்ன என் வாய்லதான் அடிச்சுக்கணும். இவன் வேணாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ரியாஸ் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். "மாமா, அடிபட்டிருந்தா நான் எப்படி உங்க வூட்டுக்குப் பதில் சொல்லுவேன்னு... வாய் வந்துருச்சு. உங்களுக்குப் புடிக்கலன்னா நானே அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். உங்க மேல பேச்சு வராது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேசவேண்டிய நேரம்.

"கயித்த ஏன் கட்டக் கூடாது, தம்பி?" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை.

"நெசமாத்தான் கேக்குறேன். ஏன் கட்டக் கூடாது?"

"கட்டுனா காத்துக்குப் போக வழியில்ல மாமா. படகத் தூக்கிரும். ஏத்தையில சும்மா அடிச்சுக்கட்டும்னு விட்டுரணும். சத்தம் வந்தா பயமில்ல. சத்தம் நின்னுச்சுன்னாதான் பாக்கணும்."

மும்தாஜ் வீட்டில் நாள்கணக்கில் நிற்கும் சத்தம் எனக்கு நினைவு வந்தது. இவருக்குக் கோபம் வந்ததை நான் பார்த்துவிட்டேன். அது எப்படி வரும், எதற்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று பார்த்துவிட்டேன். செருப்பை எடுத்துவரும் தூரம்கூட அது தாங்கவில்லை. பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு மாதம் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

"ஜமாலு, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். என் மச்சானிடம் நான் இப்படிப் பேசியதில்லை. ரியாஸிடம், "முடிச்சு நான் போட்டது. அவுக்கிறதும் நானே அவுக்கிறேன். மறுபடி ஏத்திக் காட்டுங்க" என்றேன்.

அந்த முடிச்சு அவிழ நேரமானது. நகம் கொடுத்து நெம்பி அவிழ்த்தேன். பக்கத்தில் குந்தியிருந்த ரியாஸ், "என்னா முடிச்சு மாமா இது? எங்க படகுல ஒருத்தனுக்கும் இது வராது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஜமால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பாயை இறக்கினோம். மறுபடி கோத்தோம், மறுபடி ஏற்றினோம். இந்த முறை கயிறு மணலில் பாம்புபோல நெளிந்துகொண்டு கிடந்தது. நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

*

வெயில் கடலில் இறங்காமல் எங்களுக்குப் பின்னால் மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். ஜமாலின் கைப்பேசியை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். சபீனாதான் எடுத்தாள்.

"பாத்துட்டீங்களா அத்தா?"

"பாத்தேம்மா."

"எப்படி?"

"என்னைய யோவ்னு கூப்புட்டாரு. அறிவிருக்கான்னு கேட்டாரு."

மெதுவாக, "நீங்க என்ன செஞ்சீங்க அத்தா?" என்றாள்.

"ஏன், நான் என்ன செஞ்சேன்னு கேக்குற?"

"நீங்க எதையாச்சும் இழுத்துக் கட்டிருப்பீங்க."

பெற்ற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். நான் ஓடியதைச் சொன்னபோது சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்ப சரிங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?"

"எனக்குப் புடிச்சிருக்கும்மா. ஆனா நான் சரின்னு சொன்னாப் பத்தாது. நீ பேசிப் பாரு."

"அத்தா!"

எங்கள் வீட்டில் நிக்காஹுக்கு முன்னால் பெண்ணும் பையனும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. மும்தாஜ் பேசவில்லை. என் மனைவியும் நானும் பேசவில்லை. என் மாமியார் வீட்டுப் பெண்கள் காதுக்கு இது போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். "வைக்கட்டுமா, அவருகிட்ட கொடுக்கட்டுமா?"

"கொடுங்க."

நான் ரியாஸிடம் கைப்பேசியை நீட்டினேன். "சபீனா" என்றேன். அவர் ஈரக் கையைப் பனியனில் துடைத்தார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவை துடைத்தார். ஜமால் "மச்சான், இது என்ன புதுப் பழக்கம்?" என்று ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். பிள்ளைகள் பேசும்போது பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது.

நல்ல தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்து நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பாய் தலைக்கு மேலே படபடக்க, அதன் அடியில் ரியாஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு அவர் குரல் கடற்கரை முழுக்கக் கேட்டது.

"காத்துங்க! இங்க காத்து! கேக்கலீங்க, நல்லா சத்தமாப் பேசுங்க!"

ஜமால் என்னைப் பார்த்தார். நாங்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.